பாம்பன் பாலம் ஏறும்போது இழுவை இல்லை, கரும்புகை: டர்போவா, இன்டர்கூலரா?

தங்கச்சிமடம் டாக்ஸி

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2014 மாடல், 1.3 லிட்டர் டர்போ டீசல், ஏழு சீட். ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ஆள் ஏற்றி கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, அப்புறம் பாலம் தாண்டி திருப்புல்லாணி, தேவிபட்டினம் என்று வருஷம் முழுக்க ஓடுகிற வண்டி.

கொஞ்ச நாளாக இழுவை இல்லை. மண்டபம் பக்கமிருந்து ரோட்டுப் பாலத்தில் ஏழு பேரோடு நாலாவது கியரில் தாராளமாக ஏறிக்கொண்டிருந்தது. இப்போது மூன்றாவதுக்கு இறக்கினாலும் திணறுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. 2000 ஆர்பிஎம் தாண்டி அழுத்தி மிதித்தால் முன்பக்கத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வெறும் வண்டியாக ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மைலேஜும் இறங்கியிருக்கிறது.

போன வாரம் உச்சிப்புளி தாண்டியதும் எஞ்சின் லைட் எரிந்தது. அதோடு வண்டி வேகமே எடுக்கவில்லை. ஓரம் கட்டி ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிட்டது.

ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து இரண்டு முறை ஆக்சிலரேட்டரைக் கொடுத்துப் பார்த்துவிட்டு "டர்போ முடிஞ்சுபோச்சு, புதுசு போடணும்" என்றார்கள். சொன்ன தொகைக்கு நான் ஒரு சீசன் முழுக்க ஓட வேண்டும். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் வரும், வண்டியை நிறுத்திப்போடவும் முடியாது. உண்மையிலேயே டர்போதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

பரமக்குடி பட்டறை

தம்பி, டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்கிற அறிகுறியில் டர்போ போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை.

டர்போ என்பது எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி அனுப்புகிற விசிறி. அது போகும்போது பெரும்பாலும் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், புகை நீலமாக வரும். ஷாஃப்ட் ஆட்டம் கண்டு இறக்கை உடம்பில் உரசினால் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளைச் சத்தம் வரும். நீங்கள் எழுதியிருப்பது 'உஸ்ஸ்', அதுவும் லோடில் மட்டும். அது காற்று வெளியே போகிற சத்தம்.

நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்த்து முடிவு சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. டீசல் எஞ்சினில் லோடு இல்லாமல் டர்போ அழுத்தம் கட்டாது. நியூட்ரலில் எவ்வளவு மிதித்தாலும் ஓட்டை இருக்கிற இடம் வாயைத் திறக்காது. வண்டி ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் தெரியும்.

இந்த மாதத்தில் எவ்வளவு ஆயில் குறைந்தது, எஞ்சின் லைட் எரிந்தபோது என்ன கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிகிற பிழை எண்) விழுந்தது, ஏர் ஃபில்டர் எப்போது மாற்றியது, இதை மட்டும் சொல்லுங்கள். தனுஷ்கோடி ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரை கிலோமீட்டர் கணக்கில் பார்க்கக் கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும்.

கீழக்கரை டிரைவர்

அஸ்ஸலாமு அலைக்கும். பரமக்குடி அண்ணன் சொல்வதுதான் சரி. நான் சவூதியில் பிக்கப் ஓட்டியபோது இதே கதை. டர்போவிலிருந்து போகிற ரப்பர் ஹோஸ் கிளாம்ப் லூஸாகி இருந்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவரில் முடிந்தது. முதலில் ஹோஸையும் கிளாம்பையும் கையால் தடவிப் பாருங்கள் தம்பி. எண்ணெய்ப் பிசுக்கு எங்கே ஈரமாக இருக்கிறதோ அங்கேதான் காற்றுப் போகிறது.

தங்கச்சிமடம் டாக்ஸி

நன்றி அண்ணே, நன்றி பாய். ஆயில் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் அளவு அப்படியே இருக்கிறது. ஏர் ஃபில்டர் போன மாதம்தான் போட்டது, கழற்றித் தட்டினால் மணல் கொட்டியது, மறுபடியும் மாற்றிவிட்டேன், வித்தியாசம் இல்லை. கோடு பி0299.

ஹோஸ் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். டர்போ பக்கம் ஒரு கிளாம்ப் துருப்பிடித்திருந்தது, மாற்றினேன். ஹோஸில் வெடிப்பு இல்லை. சத்தம் அப்படியே இருக்கிறது.

ஓபிடி ராம்நாடு

பி0299 என்றால் டர்போ கொடுக்க வேண்டிய அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. நிறைய பட்டறையில் இந்தக் கோடைப் பார்த்ததும் டர்போவுக்குப் பில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காற்று போகிற வழியை வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர், அதற்கு அடுத்து காற்றின் எடையை அளக்கிற மாஃப் சென்சார், டர்போ, இன்டர்கூலர், அப்புறம் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற இன்டேக் மேனிஃபோல்டு. மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார் இருக்கும்.

டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகும். வெளியே 35 டிகிரி வெயில் என்று வையுங்கள். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1.2 பார் ஏற்றினால் டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 140 டிகிரியை நெருங்கும். சூடான காற்று விரிந்து கிடக்கும், அதில் ஆக்சிஜன் குறைவு. இன்டர்கூலர் அதை 60 டிகிரி வாக்கில் இறக்கினால் அதே அழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். இன்டர்கூலரின் வேலை அவ்வளவுதான், ஆனால் ஏழு பேரோடு பாலம் ஏற அந்தக் கால் பங்குதான் வேண்டும்.

இப்போது இன்டர்கூலரில் ஓட்டை. மாஃப் தன் வழியே போன காற்றை எண்ணிவிட்டது. அது எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்ததாக நினைத்து ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், அதற்கேற்ப டீசலைக் கொடுக்கிறது. ஆனால் காற்றில் ஒரு பகுதி வழியிலேயே வெளியேறிவிட்டது. டீசல் அதிகம், காற்று குறைவு: அதனால்தான் கரும்புகை. மாஃப் இல்லாமல் மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடுகிற வண்டியில் இதே ஓட்டை இருந்தால் டீசலும் குறைந்துவிடும், அங்கே புகை பெரிதாக வராது, இழுவை மட்டும் குறையும்.

தம்பி, எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஈஎல்எம் 327 புளூடூத் ஓபிடி கருவி ஒன்று வாங்கி போனில் லைவ் டேட்டா பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், அதனால் 100 அல்லது 101 கிலோபாஸ்கல் வர வேண்டும். வந்தால் சென்சார் நல்லது. அப்புறம் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து போனை அவர் கையில் கொடுங்கள். மூன்றாவது கியரில் 1500லிருந்து 3000 வரை முழுசாக மிதித்து ஓட்டுங்கள். வேண்டிய அழுத்தம், உண்மை அழுத்தம், மாஃப், இன்டேக் காற்றின் சூடு, நான்கையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாலத்தில் வேண்டாம், அங்கே வண்டியை நிறுத்திக் கடல் பார்க்கிறவர்கள் அதிகம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே காலியான நேரத்தில் செய்யுங்கள்.

தொண்டி டீசல்

இவ்வளவு சுற்ற வேண்டாம். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற ஈஜிஆரை ஒரு தகடு வைத்து அடைத்துவிடுங்கள். என் வண்டியில் கரும்புகை அதோடு நின்றது.

பரமக்குடி பட்டறை

தொண்டி சார், உங்கள் வண்டியில் ஈஜிஆர் வால்வு மூடாமல் மாட்டியிருந்திருக்கும், அதனால் நின்றிருக்கும். ஈஜிஆர் வேலை செய்வது லேசான லோடில். முழுசாக மிதித்தால் ஈசியூ அதை மூடிவிடும். தம்பிக்குத் தொந்தரவே முழு லோடில்தான். வால்வு கரி பிடித்துத் திறந்தே நிற்கிறதா என்று கழற்றிப் பார்க்கலாம், சுத்தம் செய்யலாம். தகடு வைத்தால் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கும் விரோதம், காரணமும் கண்டுபிடிக்காமலே போகும். அதுவும் வாடகைக்கு ஓடுகிற வண்டி, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போக வேண்டியது.

பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. டர்போ இறக்கையின் கோணத்தை மாற்றுகிற வாக்யூம் ஆக்சுவேட்டர். அதற்குப் போகிற மெல்லிய ரப்பர் குழாய் சூட்டில் வெடிக்கும், எலி கடிக்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சுவேட்டர் கம்பி இழுபட வேண்டும், ஆஃப் செய்தால் திரும்ப வேண்டும். ஒருவர் சாவி போட, ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

தங்கச்சிமடம் டாக்ஸி

கம்பி நன்றாக அசைகிறது அண்ணே, மடக்கென்று இழுக்கிறது. ஈஜிஆர் கழற்றிப் பார்த்தோம், கரி இருந்தது, ஆனால் மூடுகிறது. சுத்தம் செய்து போட்டோம்.

ஓபிடி சார், லைவ் டேட்டா எடுத்துவிட்டேன். சாவி ஆன் செய்ததும் 101. மூன்றாவது கியர், 2500 ஆர்பிஎம், முழு ஆக்சிலரேட்டர்: வேண்டிய அழுத்தம் 230, உண்மை அழுத்தம் 165. மாஃப் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 660 மில்லிகிராம். இன்டேக் சூடு 60 டிகிரி. இதில் என்ன தெரிகிறது?

ஓபிடி ராம்நாடு

கேட்டது எல்லாமே இதில் இருக்கிறது தம்பி.

உங்கள் எஞ்சின் 1248 சிசி, நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. 165 கிலோபாஸ்கல் அழுத்தம், 60 டிகிரி சூடு உள்ள காற்றின் எடை லிட்டருக்கு 1.73 கிராம். 312 சிசியை முழுசாக நிரப்பினாலும் 540 மில்லிகிராம்தான் பிடிக்கும். நடைமுறையில் சிலிண்டர் முழுசாக நிரம்பாது, அதைவிடக் குறைவாகவே போகும்.

ஆனால் மாஃப் 660 போனதாகச் சொல்கிறது. மீதி 120 எங்கே? டர்போ உறிஞ்சியிருக்கிறது, எஞ்சினுக்குள் போகவில்லை. நடுவில் எங்கோ வெளியே போகிறது. டர்போ பலவீனமாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்கும், மாஃப் 480 அல்லது 500 காட்டியிருக்கும். மாஃப் நிறைய, மேப் குறைவு என்றால் டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் கசிவு. உங்கள் டர்போ குறை இல்லாமல் உழைக்கிறது. சொல்லப்போனால் அளவுக்கு மேல் உழைக்கிறது, வராத அழுத்தத்தைக் கொண்டுவர ஈசியூ அதை விரட்டிக்கொண்டே இருக்கிறது. இப்படியே ஓட்டினால்தான் டர்போ நிஜமாகவே போகும், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

ஹோஸ் எல்லாம் சரி என்கிறீர்கள். மிச்சம் இன்டர்கூலர். பிரஷர் டெஸ்ட் போடுங்கள்.

மண்டபம் மெரைன்

நான் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன். படகு எஞ்சினிலும் டர்போ, கூலர் எல்லாம் உண்டு. எங்களுக்குக் கடல் தண்ணீரே கூலருக்குள் ஓடும், உப்பு முதலில் தின்னட்டும் என்று துத்தநாகக் கட்டி மாட்டி வைப்போம், அது கரையக் கரைய மாற்றுவோம். கார் இன்டர்கூலருக்கு அப்படிப் பலி கொடுக்க ஒன்றும் இல்லை. அலுமினியமே நேராக வாங்கிக்கொள்கிறது.

தனுஷ்கோடி வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு எல்லா வண்டியும் நுனி வரை போகிறது. இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் ரோட்டை மூடும், அலைத்தூறல் முகத்தில் அடிக்கும். அது போதாது என்று மீன் லாரியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகுகிற உப்புத் தண்ணீர் வேறு, முன்னால் போகிற லாரியின் சக்கரம் அதை அப்படியே நம் வண்டியின் முகத்தில் தெளிக்கும். 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயின்ட்டும் வேண்டியிருந்தது. வண்டியின் மெல்லிய அலுமினியக் குழாய் என்ன செய்யும்?

டெஸ்ட் செய்யும் விதம் சொல்கிறேன். டர்போ வாய்க்குப் போகிற ஹோஸின் உள்ளளவுக்கு ஏற்ற பிவிசி எண்ட் கேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நடுவில் துளை போட்டு, பஞ்சர் கடையில் டியூப்லெஸ் வால்வு ஒன்று வாங்கி இழுத்து மாட்டுங்கள். மாஃப் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குப் பின்னால் இந்தக் கேப்பைச் செருகி கிளாம்ப் போடுங்கள். எஞ்சினுக்குள் சேர்கிற ஆயில் ஆவியை வெளியே விடுகிற பிரீதர் குழாய் அந்த வழியில் சேர்ந்தால் அதையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று கிராங்க் கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளும்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள், அதில் நூறு பிஎஸ்ஐக்கு மேல் நிற்கும். ரெகுலேட்டர் கட்டாயம். 15 பிஎஸ்ஐ போதும், அதாவது 1 பார், கார் டயருக்கு அடிக்கிறதில் பாதிகூட இல்லை. ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். கேப்புக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் குண்டு மாதிரி வரும்.

அப்புறம் முக்கியமாக, வண்டியை ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து டெஸ்ட் செய்யுங்கள். இன்டர்கூலரின் நடுவில் இருக்கிற அலுமினியக் கோரும் ஓரத்துப் பிளாஸ்டிக் டேங்கும் சேர்கிற இடத்தில் ரப்பர் கேஸ்கெட் வைத்து மடித்துப் பிடித்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது அது இறுக்கமாக இருக்கும், சூட்டில்தான் வாய் திறக்கும்.

சோப்புத் தண்ணீர் அடியுங்கள். கொஞ்சம் காற்று எஞ்சினுக்குள் எப்படியும் போகும், திறந்திருக்கிற வால்வு வழியாக. அந்தச் சத்தம் சைலன்சரில் கேட்கும், அதைக் கசிவு என்று நினைக்க வேண்டாம்.

கீழக்கரை டிரைவர்

ஒரு சந்தேகம். இன்டர்கூலரில் ஓட்டை என்றால் தனுஷ்கோடி மணல் அது வழியாக எஞ்சினுக்குள் போய்விடாதா?

மண்டபம் மெரைன்

பெரும்பாலும் போகாது பாய். டர்போவுக்குப் பிறகு உள்ளே அழுத்தம் அதிகம், காற்று வெளியேதான் தள்ளும். பயப்பட வேண்டியது டர்போவுக்கு முன்னால் இருக்கிற கசிவுக்கு. ஏர் ஃபில்டர் மூடி சரியாக உட்காரவில்லை, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஹோஸ் வெடித்திருக்கிறது என்றால் அது உறிஞ்சுகிற பக்கம். மணல் நேராகப் போய் டர்போ இறக்கையை அரித்துவிடும். அந்தக் கசிவில் இழுவைகூடக் குறையாது, ஒன்றும் தெரியாமலே டர்போவும் போகும், பிஸ்டன் ரிங்கும் போகும்.

தங்கச்சிமடம் டாக்ஸி

கிடைத்துவிட்டது!

மண்டபம் அண்ணன் சொன்னபடியே கேப் செய்தோம். பாம்பன் வரை போய்வந்த சூட்டோடு பம்பரைக் கழற்றினோம். ஐந்து பிஎஸ்ஐயில் ஒன்றுமில்லை. பத்தில் லேசாகச் சத்தம், இடம் தெரியவில்லை. பதினைந்துக்குப் போனதும் அதே 'உஸ்ஸ்', ரோட்டில் கேட்கிற அதே சத்தம். முன்பக்கம் முழுக்க சோப்புத் தண்ணீர் அடித்தும் நுரை வரவில்லை.

பின்பக்கம் கையை விட்டால் கீழ் மூலையில் காற்று விரலில் அடிக்கிறது. டார்ச் வைத்துப் பார்த்தோம். இன்டர்கூலரைத் தாங்குகிற இரும்பு பிராக்கெட் அலுமினியத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் இடம். காற்றை வழிநடத்துகிற பிளாஸ்டிக் மூடிக்கும் கோருக்கும் நடுவில் ஒரு கை அளவு மணல் அடைந்து, நசநசவென்று ஈரமாகவே இருந்தது. அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் வெள்ளைப் பொடி. விரலால் தொட்ட இடத்தில் அலுமினிய இதழ்கள் சாம்பலாக உதிர்ந்தன. கடைசிக் குழாயில் கடுகு அளவில் இரண்டு துளை, சுற்றிலும் கறுப்பாக ஆயில் கறை, அதில் மணல் ஒட்டிக் கருகிய மாதிரி. அதே பக்கம் பிளாஸ்டிக் டேங்கு மடிப்பிலும் வரிசையாக நுரை.

முன்னாலிருந்து பார்த்தால் இன்டர்கூலர் நன்றாகவே இருக்கிறது. பம்பரைக் கழற்றாமல் யார் பார்த்தாலும் நல்லது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இதை எம்சீல் போட்டு அடைக்கலாமா, வெல்டிங் வைக்கலாமா? ஆடி அமாவாசை முடியும்வரை தாங்கினால் போதும்.

மதுரை ரேடியேட்டர்

நான் ரேடியேட்டர், கண்டென்சர் வேலை செய்கிறேன், அதனால் சொல்கிறேன். எம்சீல் வேண்டாம். உள்ளே ஆயில் படலம் இருக்கும், ஒட்டாது. மேலே ஒட்டினாலும் சூடும் அழுத்தமும் மாறி மாறி ஏறி இறங்கும்போது உரிந்துவிடும்.

ஆர்கான் வெல்டிங் முழு அலுமினிய இன்டர்கூலரில், தடிப்பான டேங்கில் விரிசல் விட்டால் நன்றாக நிற்கும். உங்களுடையது பிளாஸ்டிக் டேங்கு, அதில் வெல்டிங் சூடு காட்ட முடியாது. உப்பு தின்ற குழாயில் டார்ச் வைத்தால் துளை பெரிதாகும், நல்ல இடமே மிச்சமிருக்காது. கடைசிக் குழாயில் இரண்டு துளை என்றால் பக்கத்துக் குழாயும் அதே நிலையில்தான் இருக்கும். மடிப்பும் கசிகிறது என்கிறீர்கள். புதிது போடுங்கள். அவசரத்துக்குப் பழைய வண்டியிலிருந்து எடுத்ததை வாங்கினால் வாங்குவதற்கு முன்னால் தொட்டித் தண்ணீரில் முக்கி, ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் அதே வால்வு கேப் போட்டு 1 பார் ஏற்றிப் பாருங்கள். குமிழி ஒன்றுகூட வரக் கூடாது.

கழற்றும்போது பழைய இன்டர்கூலரைக் கவிழ்த்து எவ்வளவு ஆயில் வருகிறது என்று பாருங்கள். பிரீதரிலிருந்து வருகிற ஆயில் ஒரு மெல்லிய படலமாக இருப்பது இயல்பு, ஒரு ஸ்பூன் சொட்டினாலும் பயமில்லை. கிளாஸ் அளவில் கொட்டினால்தான் டர்போ சீலைச் சந்தேகப்பட வேண்டும். அப்படித் தேங்கியிருந்தால் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக ஓட ஆரம்பித்துவிடும், சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காது. எப்போதாவது அப்படி ஆனால் பிரேக்கை மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்த வேண்டும்.

பரமக்குடி பட்டறை

மதுரை அண்ணன் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதியதை மாட்டும்போது இரும்பு பிராக்கெட் அலுமினியத்தை நேராகத் தொடக் கூடாது. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும், உங்கள் ஓட்டை அந்த இடத்தில் விழுந்ததற்குக் காரணம் அதுதான். நடுவில் ரப்பர் புஷ் வையுங்கள், போல்ட்டுக்கு கிரீஸ் தடவுங்கள். கிளாம்ப் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், 316 தரம் கிடைத்தால் அதுவே வாங்குங்கள், 304ஐவிட உப்புக்குத் தாங்கும். ஹோஸ் மாற்றுவதாக இருந்தால் கலர் பார்த்துச் சாதாரண சிலிக்கான் ஹோஸ் வாங்காதீர்கள், அது ஆயிலில் ஊறி இளகிவிடும்.

தங்கச்சிமடம் டாக்ஸி

புதியது மாட்டியாகிவிட்டது. டர்போவுக்குச் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பழையதைக் கவிழ்த்ததில் தட்டில் லேசாகக் கறை பிடித்தது, அவ்வளவுதான், டர்போ சீல் நன்றாக இருக்கிறது. மாட்டிய பிறகும் ஒரு தடவை கேப் போட்டு 15 பிஎஸ்ஐ ஏற்றிப் பார்த்தோம், எங்கேயும் நுரை இல்லை.

அதே ரோடு, அதே மூன்றாவது கியர், 2500: வேண்டியது 230, உண்மை 226. மாஃப் 690, இன்டேக் சூடு 58 டிகிரி. கோடு அழித்துவிட்டேன், திரும்ப வரவில்லை. நேற்று ஏழு பேரும் மேலே லக்கேஜுமாக நாலாவது கியரில் பாலம் ஏறினேன், கண்ணாடியில் புகையே இல்லை. அண்ணன்மார் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கேப்பை வீட்டில் வைத்திருக்கிறேன், தீவில் யாருக்கு வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஓபிடி ராம்நாடு

இப்போது கணக்கும் சேர்கிறது பாருங்கள். 226 கிலோபாஸ்கல், 58 டிகிரியில் 312 சிசிக்கு 740 மில்லிகிராம் பிடிக்கும். மாஃப் 690. சிலிண்டர் நிரம்புகிற அளவுக்கு இதுதான் முறையான வித்தியாசம். இந்த எண்களை எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். அடுத்த தடவை சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் வேண்டாம்.

கீழக்கரை டிரைவர்

மாஷா அல்லாஹ். தம்பி, இனிமேல் உப்பை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள்? வாட்டர் சர்வீஸ் விட்டால் போதுமா?

மண்டபம் மெரைன்

பாய், எந்தத் தண்ணீர் என்பதைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் நிறைய இடத்தில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசிய கணக்குதான். தங்கச்சிமடம் பக்கம் மணல் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது, தம்பிக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. தனுஷ்கோடி போய்வந்த அன்றைக்கே, எஞ்சின் ஆறிய பிறகு, சாதாரண ஹோஸ் குழாயில் முன்கிரில் வழியாக நிதானமாக விடுங்கள். முடிந்தால் பின்பக்கமிருந்து முன்னோக்கி. பிரஷர் கன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், இதழ்கள் மடங்கிவிடும். மாதம் ஒரு தடவை அந்தக் கீழ் மூலையில் மணல் சேர்ந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் இதே கவனிப்பு வேண்டும், அதுவும் அலுமினியம்தான்.

சாயல்குடி ரைடர்

இழை முழுக்கப் படித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். என்னுடையது 2021 மாடல் டீசல், பிஎஸ்6. மூக்கையூர், வாலிநோக்கம் கடற்கரை ரோட்டில்தான் தினமும். இதே டெஸ்ட் எனக்கும் பொருந்துமா? புகை எதுவும் வரவில்லை, ஆனால் இழுவை லேசாகக் குறைந்த மாதிரி இருக்கிறது.

பரமக்குடி பட்டறை

டெஸ்ட் அதேதான் தம்பி. ஆனால் உங்கள் வண்டியில் புகையை எதிர்பார்க்காதீர்கள். பிஎஸ்6 டீசலில் புகைக் குழாயில் டிபிஎஃப் என்கிற ஃபில்டர் இருக்கிறது, கரியை அது பிடித்துக்கொள்ளும். இன்டர்கூலர் கசிந்தால் கரி கூடும், டிபிஎஃப் சீக்கிரம் நிறையும், அதை எரிக்கிற ரீஜெனரேஷன் அடிக்கடி வரும். ஐட்லிங் வழக்கத்தைவிட ஏறி நிற்பது, வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பது முன்பைவிட அதிகமா என்று கவனியுங்கள். அதோடு ஓபிடி சார் சொன்ன நான்கு எண்ணையும் எடுத்துப் போடுங்கள், எஞ்சின் எத்தனை சிசி என்பதையும் சேர்த்து. பார்த்துச் சொல்கிறோம்.